ஏழாம் எண்ணுக்கு ஒரு சிவப்புப் புள்ளி

அக்டோபர் மாதம் பதினேழாம் நாள், வியாழக்கிழமை. விடியற்காலையில் இலேசான தூறல். ஒன்பது மணிக்கு வெயில். பத்து மணிக்கு மீண்டும் மேகம். பெய்வதா விடுவதா என்று வானமே முடிவெடுக்காமல் இழுத்தடித்த அந்நாளில், ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாக இருந்தது ஏழக்காவின் வீங்கிய இடது கன்னம் ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்கப்பட்டிருந்தது. வேர் வளைந்திருந்தபடியால் பல் மருத்துவர் ஒன்றேகால் மணி நேரம் அதனோடு மல்லுக்கட்டினார். செவ்வாயும் புதனும் விடுப்பு. வியாழனன்று காலையில் அவள் பாதி வாயால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, மாடி வீட்டில் குடியிருக்கும் அவளுடைய தம்பி, கல்யாணத்திற்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு தடதடவென்று படியிறங்கி வந்தான்.

"என்னக்கா, இன்னைக்குப் பாத்து இப்படி வீங்கியிருக்கு? போட்டோ எடுப்பாங்களே."

"பல்லுகிட்டச் சொல்லு. நான் சொன்னா கேக்கல."

"வலது பக்கமாத் திரும்பி நில்லு. இடது பக்கம் விழாம நான் பாத்துக்கிறேன்."

தம்பி ஒரு டியூஷன் சென்டர் நடத்துபவன். தெருமுனையில் அவன் நிறுத்தியிருந்த பலகையில் நாற்பது பிள்ளைகளின் முகங்கள், ஒவ்வொரு முகத்தின் கீழும் அது பெற்ற மதிப்பெண்ணோடு, வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். ஆண்டுக்கொரு முறை முகங்கள் மாறும், பலகை மாறாது. பலகையில் முகம் வந்தவன் வெற்றி பெற்றவன், வராதவன் இன்னும் முயற்சி செய்ய வேண்டியவன் என்பதில் தம்பிக்கு எள்ளளவும் குழப்பம் கிடையாது. தன் அக்காள் மட்டும் எந்தப் பலகையிலும் ஏறாமல், மருத்துவமனையின் தரைக்கு அடியில் இருபத்தோராண்டுகளாக வேலை செய்து வருவது அவனுக்கு நெடுநாள் வருத்தம். நேற்று மாலை மேலாளரே தொலைபேசியில் அழைத்து, 'ஆண்டின் சிறந்த பணியாளர்' விருது உங்கள் அக்காவுக்குத்தான் என்று தெரிவித்ததிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"லிஃப்டுக்குப் பக்கத்துல உன் படத்தை மாட்டுவாங்களாம்க்கா. போறவன் வர்றவன் எல்லாம் பாப்பான். இனிமே யாராவது உங்க அக்கா என்ன வேலைன்னு கேட்டா நான் மென்னு முழுங்க வேண்டாம்."

"இத்தனை நாளா என்ன சொல்லிட்டு இருந்த?"

தம்பி கோட்டுப் பொத்தானைத் திருகினான். "மருத்துவமனையில பெரிய பொறுப்புல இருக்காங்கன்னு."

"பொய் ஒண்ணும் இல்லையே," என்று கூறிவிட்டு ஏழக்காள் கிண்ணத்தைக் கழுவி வைத்தாள்.

அவளுடைய பொறுப்பு யாது என்பதை இவ்விடத்தில் விளக்கிவிடுவது நலம். அம்மருத்துவமனையின் அடித்தளத்தில் கிருமிநீக்கப் பிரிவு இருந்தது. மேல்மாடி அறுவை அரங்கில் பயன்படுத்தப்பட்ட கத்தி, கத்தரி, இடுக்கி, கொக்கி யாவும் இரத்தக் கறையோடு அங்கே இறங்கி வரும். அவற்றைக் கழுவி, துலக்கி, விளக்கின் கீழ் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, தட்டில் அடுக்கி, இரண்டு மடிப்புத் துணியில் பொதிந்து கட்டுகளாக்கி, நீராவிப் பொறிக்குள் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒட்டப்படும் நாடாவில் தேதியையும், கட்டியவருடைய எண்ணையும் எழுத வேண்டும். அவளுடைய எண் ஏழு. ஆகவே அவள் ஏழக்காள் ஆனாள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

இவ்வேலையில் மிகக் கடினமான பகுதி எதுவென்றால், ஒன்றும் செய்யாமல் இருப்பது. பொறியிலிருந்து வெளிவந்த கட்டுகள் கம்பித் தட்டுகளில் நாற்பது நிமிடம் ஆற வேண்டும். அதுவரை ஒருவரும் அவற்றைத் தொடலாகாது. சூடு தணியாத கட்டைத் தூக்கிக் குளிர்ந்த அலமாரியில் வைத்தால் உள்ளே வியர்க்கும். ஈரத்துணி சுற்றிலும் உள்ள அழுக்கை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல உள்ளே இழுத்துவிடும். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் அந்தக் கட்டு, பிறகு எவருடைய வயிற்றுக்குள்ளோ போகும்.

மேல்மாடியில் ஒரு வழக்கம் உண்டு. கீழிருந்து வரும் ஒவ்வொரு கட்டையும் செவிலியர் கவிழ்த்து, அமுக்கி, ஓரத்தைத் தடவி, ஈரமில்லை என்று உறுதி செய்த பிறகே ஏற்றுக்கொள்வர். ஏழாம் எண் கட்டுக்கு மட்டும் அந்தச் சோதனை இல்லை. எந்த ஆணையும் இதற்குப் பிறப்பிக்கப்படவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லத் தானாகவே அமைந்த வழக்கம் அது. அரங்கின் சுவரில் எல்லா எண்களும் எழுதிய வெள்ளைப் பலகை ஒன்று தொங்கும். எந்த எண்ணின் கட்டுகள் பிழையென்று திரும்ப அழைக்கப்பட்டனவோ, அந்த எண்ணின் அருகே ஒரு சிவப்புப் புள்ளி வைக்கப்படும். ஓராண்டுக் காலம் அது அழியாது. அவ்வோராண்டும் அவருடைய ஒவ்வொரு கட்டும் முழுமையாகப் பிரித்துச் சோதிக்கப்படும். இருபத்தோராண்டுகளில் மற்ற எல்லா எண்களுக்கு அருகிலும் புள்ளிகள் வந்து போயிருந்தன. ஏழின் அருகே மட்டும் பலகை வெண்மையாகவே இருந்தது.

அந்த வெண்மையை அவள் தினமும் பார்ப்பதில்லை. அவளுக்கு மேல்மாடியில் வேலையே கிடையாது. ஆயினும் அது அங்கே இருக்கிறது என்ற நினைவு, உறங்கும் பிள்ளை பக்கத்து அறையில் இருக்கிறது என்ற நினைவைப் போல, அவளுடன் எப்போதும் இருந்தது.

அன்று காலை அடித்தள நடையில் நுழைந்ததும் ஒரு பெரிய தாள் அவளை வரவேற்றது. 'ஒரே நாளில் நாற்பத்தாறு அறுவைச் சிகிச்சைகள்! செவ்வாய்க்கிழமை சாதனை!' என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. மேலாளருடைய கைவண்ணம் அது. மருத்துவமனைக்கு வந்த எட்டு மாதங்களில் அவர் சாதனைத் தாள் ஒட்டாத சுவர் இல்லை. ஆகவே அடித்தளத்தில் அவருக்கு 'ரெக்கார்டு' என்று பெயர். ஏழக்காள் அதைப் படித்துவிட்டு, தான் இல்லாத நாளில் பிள்ளைகள் நன்றாகத்தான் உழைத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தாள். விருது தன் இருபத்தோராண்டுக்கு என்றே அவள் எண்ணியிருந்தாள்.

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம் அளவில் சாமான் லிஃப்டில் ஒரு கட்டு தனியாக இறங்கி வந்தது. அதன்மேல் அறுவை அரங்கின் தலைமைச் செவிலி எழுதிய சீட்டு இருந்தது: 'ஏழக்கா, இது அடியில ஈரம். தற்செயலா கை பட்டுத் தெரிஞ்சுது. ஒண்ணுதானே, விழா நாளன்னைக்கு நான் எதுவும் எழுதிவைக்கல. மூணு மணிக்கு மேடையில பாக்கிறேன்.'

அவள் கட்டைக் கவிழ்த்தாள். உள்ளங்கை அகலத்திற்குத் துணி கறுத்திருந்தது. நாடாவைப் பார்த்தாள். தேதி பதினைந்து. எண் ஏழு.

பதினைந்தாம் தேதி அவள் பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தாள்.

அந்த ஏழையும் அவள் உற்றுப் பார்த்தாள். அவளுடைய ஏழுக்கு நடுவில் ஒரு சிறு குறுக்குக் கோடு இருக்கும். இதிலும் இருந்தது. ஆனால் அவள் கோட்டை இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் இழுப்பாள். இதை எழுதியவன் பார்த்துப் பார்த்து, பயந்து பயந்து போட்டிருந்தான்.

"பன்னெண்டு, இங்க வா."

பன்னிரண்டாம் எண்காரன் நாற்பது வயதைத் தாண்டியவன், அடித்தளத்தின் வாயாடி. பல் பிடுங்கியதைப் பற்றிக் காலையிலிருந்து நான்கு நகைச்சுவைகளை அவிழ்த்துவிட்டிருந்தான். இப்போது கட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவன், ஐந்தாவதை அவிழ்க்கவில்லை.

"யார் எழுதினது?"

"அக்கா, அன்னைக்கு நீங்க இல்ல."

"நான் இல்லன்னு எனக்குத் தெரியும். யார் எழுதினது?"

"நான்தான்." அவன் கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். "ரெக்கார்டு வந்து பின்னாலயே நின்னாருக்கா. நாப்பது நிமிஷம் எதுக்கு, பத்துப் போதும்னாரு. என் நம்பர் போட்டா மேல அமுக்கிப் பாத்துத் திருப்பி அனுப்பிருவாங்கன்னு சொன்னேன். அப்போ யார் நம்பரை அமுக்கிப் பாக்க மாட்டாங்கன்னு கேட்டாரு."

"நீயும் சொல்லிட்ட."

"வாய் தவறிச் சொல்லிட்டேன்க்கா. சொன்னதும் அவரு சிரிச்சுக்கிட்டே நாடாவையும் பேனாவையும் என் கையில குடுத்தாரு."

"எத்தனை கட்டு?"

"அம்பத்தெட்டு."

"கோடு போடக்கூட மறக்கல நீ."

"கோடு இல்லன்னா மேல கண்டுபிடிச்சிருவாங்களே," என்று அவன் உண்மையான வருத்தத்துடன் கூறினான்.

அடிவயிற்றிலிருந்து ஒரு வெப்பம் எழுந்து, வீங்கியிருந்த இடது கன்னம் வரை வந்து சேர்ந்தது. இதுநாள்வரை அவளை எவரும் பாராட்டியதில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதுமில்லை. அறுவை முடிந்து வீட்டிற்குப் போனவர்கள் மருத்துவருக்கு மாலை போட்டார்கள், செவிலியருக்கு இனிப்புக் கொடுத்தார்கள். அடித்தளத்தில் ஒரு மனுஷி இருப்பதையே அறியாமல் அவர்கள் போனதுதான் அவளுடைய வெற்றி. அறிய நேர்ந்திருந்தால் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று பொருள். யாருக்கும் தெரியாமல் சேர்த்து வைத்த அந்த ஒன்றைத்தான், யாருக்கும் தெரியாமல் எடுத்திருக்கிறார்கள்.

இரண்டு மணி முப்பத்தைந்துக்கு அவள் மேலாளரின் கண்ணாடி அறைக்குள் கட்டுடன் நுழைந்தாள். மேலாளர் மேசைமேல் இருந்த கண்ணாடிக் கேடயத்தை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. இன்னைக்கு நாயகியே நீங்கதான். கன்னம் என்ன இப்படி?"

"செவ்வாய்க்கிழமை பல்லு புடுங்கினேன் சார். செவ்வாய்க்கிழமை." அவள் கட்டை மேசைமேல் வைத்தாள். "அன்னைக்கு நான் இதைக் கட்டினதா எழுதியிருக்கு."

மேலாளர் கட்டைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். அவர் பொய் சொல்ல முயலவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபம் பாதியாகக் குறைந்திருக்கும்.

"உக்காருங்க. நாற்பத்தாறு பேருங்க. ஆறு மாசமா வலியோட காத்திருந்தவங்க. அத்தனை பேருக்கும் ஒரே நாள்ல முடிச்சோம். இது வெற்றி இல்லையா? சொல்லுங்க."

"எத்தனை பேருக்கு ஈரக் கட்டு பிரிச்சாங்க?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

"இன்னைக்கு வியாழன்தான் சார். சீழ் வைக்கிறதுக்கு ரெக்கார்டு நேரம் ஒண்ணும் கிடையாது."

"நாற்பது நிமிஷம்னு எழுதி வெச்சவங்க பயந்தவங்க. உலகமே வேகமாப் போகுது, நீங்க கட்டுக்கு எதிர்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கீங்க."

"என் நம்பரை எதுக்கு எடுத்தீங்க?"

அவர் முகத்தில் உண்மையான வியப்புத் தோன்றியது. "அது உங்களுக்குப் பெருமைதானே? உங்க நம்பரைப் பாத்தா மேல யாரும் கேள்வி கேக்கிறதில்ல. இந்த ஆஸ்பத்திரியிலேயே அவ்வளவு மதிப்புள்ள நம்பர் வேற இல்ல. அதனாலதான் விருதே. அடுத்த மாசம் மேற்பார்வையாளர் பதவி. இந்த மாதிரி ஒரு அறை, சுழல் நாற்காலி. ஏழக்கா, வாழ்க்கையில மேல வர வேண்டாமா?"

"என் மதிப்பை எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போய்த் தீர்த்துட்டு, அதுக்குப் பதிலா எனக்குக் கண்ணாடித் துண்டு தர்றீங்க." வீங்கிய வாயால் பேசியதால் அவளுடைய சொற்கள் குழறின; அதுவே அவளுக்கு மேலும் ஆத்திரமூட்டியது. "மிச்சக் கட்டெல்லாம் மேல அலமாரியில இருக்கு. திரும்ப அழைக்கிற தாள்ல கையெழுத்துப் போடுங்க."

"விழா முடியட்டும். மூன்றரைக்கு மேல பேசலாம்."

"மூன்றரைக்கு அடுத்த ஆபரேஷன் சார்."

"அதான் சொல்றேன். இப்போ கட்டெல்லாம் இறங்கி வந்தா மதியம் ஆறு ஆபரேஷன் நிக்கும். வர்ற விருந்தாளிங்க முன்னாடி என் தலை உருளும்." பிறகு தணிந்த குரலில் சேர்த்தார்: "உங்க தலையும்தான். கட்டுத் திரும்பி வந்தா புள்ளி யார் நம்பருக்கு வைப்பாங்க? எனக்கு நம்பர் கிடையாதும்மா."

இதுதான் அவளை உலுக்கியது. உண்மை அது. புள்ளி எண்ணுக்கு, ஆளுக்கன்று. எழுதியவன் பன்னிரண்டு, எழுதச் சொன்னவர் மேலாளர், ஆனால் ஓராண்டுக் காலம் சிவப்பாக நிற்கப் போவது ஏழு. இருபத்தோராண்டு வெண்மை அது. ஒரு சொல்லும் சொல்லாமல் மேடையேறி, கேடயத்தை வாங்கி, வலது பக்கமாகத் திரும்பிச் சிரித்துவிட்டால் வெண்மை அப்படியே இருக்கும். மேலே அலமாரியில் மட்டும் ஏழு என்று எழுதிய ஈரக் கட்டுகள், எவரும் அமுக்கிப் பார்க்காமல், ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படும்.

அவள் வெளியே வந்து அறுவை அரங்கிற்குத் தொலைபேசியில் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று மணி விழாவிற்காக மேல்மாடிச் செவிலியர் எல்லாரும் உணவுக்கூடத்தில் கூடிவிட்டிருந்தனர்.

அப்போது அவளுடைய பார்வை தொலைபேசிக்கு மேலே சுவரில் ஆணியடித்திருந்த விதிமுறைத் தாளின் மேல் படிந்தது. மஞ்சள் பூத்த அந்தத் தாளை அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்திருந்தாள். ஒன்பதாவது விதி இவ்வாறு கூறியது: 'ஒரு கட்டின்மேல் ஐயம் ஏற்படின், மேலாளரின் கையொப்பத்தின் பேரிலோ, எண்ணுக்குரியவர் இரு பிரிவுப் பணியாளர் முன்னிலையிலும் வாய்மொழியாக அறிவிப்பதன் பேரிலோ, அதே நாளில் அதே எண்ணிட்ட கட்டுகள் யாவும் திரும்பப் பெறப்படும்.'

அடித்தளம், அறுவை அரங்கு என்ற இரு பிரிவுப் பணியாளரும் ஒரே இடத்தில் கூடியதை இருபத்தோராண்டுகளில் அவள் கண்டதில்லை. இன்று கூடியிருந்தார்கள். கூட்டியவர் மேலாளர்.

உணவுக்கூடத்தில் மேசைகள் ஓரங்கட்டப்பட்டு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. முதல் வரிசையில் விருந்தினர். அடுத்த வரிசைகளில் மேல்மாடி. கடைசியில், ஈரக் கால்சட்டைகளோடு அடித்தளம். தம்பி நடைபாதையில் ஒற்றை முழங்காலில் அமர்ந்து, கைப்பேசியை உயர்த்தி, இடம் பார்த்துக்கொண்டிருந்தான். மேலாளர் ஒலிபெருக்கியில் நாற்பத்தாறு என்ற எண்ணை ஆறு முறை உச்சரித்தார். ஏழாவது முறைக்கு முன் அவளை அழைத்தார். அவர் கண்கள் ஒரு கணம் அவள் முகத்தில் கேள்வியோடு நின்றன. அவள் அமைதியாகத்தான் ஏறி வந்தாள். அதனால் அவர் நிம்மதியடைந்து கேடயத்தை நீட்டினார்.

அவள் அதை வாங்காமல் ஒலிபெருக்கியை வாங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். வாய் வீங்கியிருக்கு, பொறுத்துக்கங்க. செவ்வாய்க்கிழமை நான் பல்லு புடுங்கப் போயிருந்தேன்."

கூட்டம் சிரித்தது. தம்பி பெருமையோடு நாலாபுறமும் திரும்பிப் பார்த்தான்.

"அதனால செவ்வாய்க்கிழமை நான் ஒரு கட்டுகூடக் கட்டல. பதினஞ்சாம் தேதி போட்டு, ஏழுன்னு எழுதி, மேல அம்பத்தெட்டு கட்டு வந்திருக்கு. அது எதுவும் நாப்பது நிமிஷம் ஆறல. ஒன்பதாவது விதிப்படி, ரெண்டு பிரிவும் இங்க இருக்கீங்க. ஏழாம் நம்பர்காரி சொல்றேன். எல்லாத்தையும் கீழ அனுப்புங்க."

சிரித்த வாய்கள் சிரித்தபடியே நின்றன. மேலாளர் கையை நீட்டி, "அக்காவுக்கு மருந்து மயக்கம் போல," என்று சிரிக்க முயன்றார். ஒலிபெருக்கி அவளிடம் இருந்ததால் அது முதல் வரிசைக்கு மட்டுமே கேட்டது.

மூன்றாம் வரிசையில் தலைமைச் செவிலி எழுந்து நின்றாள். முப்பது ஆண்டு அனுபவம் மிக்க அவள் முகத்தில் இரத்தமே இல்லை. "அம்பத்தெட்டா?"

"ஆமா சிஸ்டர்."

"நாங்க ஒண்ணைக்கூட அமுக்கிப் பாக்கல ஏழக்கா. உங்க நம்பர்னு..."

"தெரியும் சிஸ்டர். அதுக்காகத்தான் என் நம்பரைப் போட்டிருக்காங்க."

தலைமைச் செவிலி அதற்குமேல் நிற்கவில்லை. அவள் பின்னால் மேல்மாடி முழுவதும் எழுந்து போயிற்று; நாற்காலிகள் தரையில் உராயும் ஓசை மட்டும் கேட்டது. கடைசி வரிசையில் பன்னிரண்டு எழுந்தான். "எழுதினது நான். எழுதச் சொன்னது அவர்," என்று விரலை நேராக மேடையை நோக்கி நீட்டினான். முதல் வரிசை விருந்தினர் ஒருவர், நாற்பத்தாறு என்று அச்சிட்ட தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கேடயத்தைப் பார்த்தார். கேடயத்திற்குப் பார்ப்பதற்கு எவரும் இல்லை.

மூன்றே முக்கால் மணிக்குச் சாமான் லிஃப்ட் இறங்கியது. முப்பத்தொரு கட்டுகள். எஞ்சிய இருபத்தேழும் பதினேழு பேருடைய உடம்பில் வேலை முடித்துவிட்டிருந்தன. அப்பதினேழு பேரின் பட்டியலைத் தொற்றுநோய் மருத்துவரிடம் தன் கையாலேயே ஒப்படைத்துவிட்டதாகத் தலைமைச் செவிலி சீட்டில் எழுதியிருந்தாள். அவசரச் சிகிச்சைக்குப் பிற எண்களின் கட்டுகள் போதும்; மற்ற ஆறு அறுவைகளும் காத்திருக்கும் என்றும் எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு வரி எழுதி அடிக்கப்பட்டிருந்தது.

அடித்தளம் முழுவதும் கைகோத்தது. பிரித்தார்கள், கழுவினார்கள், விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்தார்கள். பன்னிரண்டாம் எண்காரன் நான்கு தட்டுகளைத் துலக்கினான். ஐந்து மணிக்கு முதல் எட்டுக் கட்டுகள் தயாராயின. "நம்பர்?" என்று அவன் நாடாவை நீட்டினான். அவள் வாங்கி, ஒரே இழுப்பில் குறுக்குக்கோடு போட்டு, ஏழு என்று எழுதினாள்.

ஆறு மணிக்குப் பொறி திறந்தது. கட்டுகள் கம்பித் தட்டில் ஆவி விட்டன. அவள் எதிரே ஸ்டூலைப் போட்டு அமர்ந்தாள்.

அப்போதுதான் தம்பி வந்து சேர்ந்தான். தரையில் வரைந்த சிவப்புக் கோட்டுக்கு இப்பால் வெளியாள் வரக்கூடாது. அவன் கல்யாணக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சிவப்புக் கோட்டுக்கு வெளியே நின்றான்.

"கேடயத்தையாவது வாங்கிட்டுச் சொல்லியிருக்கலாம்."

"அது ரொம்பக் கனம்டா."

"சிரிக்காதக்கா. உன் கையாலேயே உன் நம்பரைக் கெடுத்துக்கிட்ட. செஞ்சவன் எவனோ, புள்ளி உனக்கு. இதுல என்ன நியாயம்?"

"நியாயம் ஒண்ணும் இல்ல."

"அந்த ஆளைத் தூக்குவாங்களாமா?"

"மேல கூடிப் பேசிட்டு இருக்காங்க. பூசி மெழுகினாலும் மெழுகுவாங்க." அவள் கட்டுகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தம்பி, உன் பலகையில நீ பாடமே நடத்தாத பிள்ளையோட மூஞ்சி இருக்கா?"

அவன் கழுத்தில் மெல்ல ஒரு சிவப்பு ஏறியது. "ரெண்டு," என்றான். பிறகு, "இன்னும் எவ்வளவு நேரம் இப்படி உக்காந்திருப்ப?" என்றான்.

"நாப்பது நிமிஷம்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவன் போய்விடுவான் என்று அவள் எண்ணினாள். அவன் தோளில் கிடந்த கல்யாணக் கோட்டைத் தரையில் விரித்து, சிவப்புக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேலாளர் ஒரு முறை வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, கட்டுகளைப் பார்த்து, அவளைப் பார்த்தார். மேலே ஆறு பேர் காத்திருந்தார்கள். அவர்களுடைய உறவினர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் படிக்கட்டு வழியே இங்கேயும் வந்தது. அவர்கள் யார்மேல் கத்த வேண்டுமோ அவர்மேல் கத்தவில்லையே என்று நினைத்தபோது அவளுடைய பல் பிடுங்கிய குழி விண்ணென்று தெறித்தது. ஆயினும் அவள் எழவில்லை.

நாற்பது நிமிடம் முடிந்தது. அவள் முதல் கட்டைக் கவிழ்த்து, அமுக்கி, ஓரத்தைத் தடவினாள். எட்டையும் அவ்வாறே பார்த்து லிஃப்டில் ஏற்றினாள். பிறகு தொலைபேசி ஒலித்தது.

"ஏழக்கா," என்றாள் தலைமைச் செவிலி. "புள்ளி வெச்சிட்டேன்."

"வைங்க சிஸ்டர்."

"எட்டையும் பிரிச்சுப் பாக்கணும். விதி."

"ஒண்ணு விடாமப் பிரிச்சுப் பாருங்க. நான் லைன்ல இருக்கேன்."

துணி விரியும் ஓசை கேட்டது; தட்டில் கருவி உரசும் ஓசை கேட்டது; ஒன்று, இரண்டு என்று எட்டு முறை. தம்பி சிவப்புக் கோட்டுக்கு வெளியே எழுந்து நின்றான்.

"எட்டும் காய்ஞ்சிருக்கு," என்றாள் தலைமைச் செவிலி.

அப்போது மாலை ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.